தேரும் ஊசலும் ஒரே அலமாரியில்

பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற முதல் ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. தவழ்வதும் கைகொட்டுவதும் நிலாவை விளையாடக் கூப்பிடுவதும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதானே! கடைசி மூன்றில் பாதை பிரிந்துவிடுகிறது. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். இதில் சிற்றில் பருவம் கவனிக்க வேண்டியது. மணலில் வீடு கட்டுபவர்கள் சிறுமிகள். காலால் அதை அழிக்க வருபவன் பாட்டுடைத் தலைவன். அழிக்க வேண்டாம் என்று சிறுமிகள் கெஞ்சுவதாகப் புலவர்கள் பாடினார்கள்.

அந்தப் பிரிவினை ஏட்டோடு நின்றுவிடவில்லை. இன்றைய வீடுகளின் பொம்மை அலமாரி வரை வந்திருக்கிறது.

போன கோடை விடுமுறையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மூத்தவனுக்கு ஐந்தரை வயது, சின்னவளுக்கு மூன்றரை. பின்பக்க அறையைப் பிள்ளைகளுக்கென்று ஒழித்துப் போட்டிருந்தார்கள். பெயின்ட் அடிக்க வந்தவர் ஷேட் கார்டைப் பிரித்துக்கொண்டே, "பையன் ரூமா மேடம், பாப்பா ரூமா?" என்று கேட்டார். ரெண்டு பேருக்கும்தான் என்றேன். "அப்போ ஒரு சுவர் ப்ளூ, ஒரு சுவர் பிங்க் போட்டுடலாம்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. அவர் போகிற வீடுகளில் எல்லாம் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இந்த நீலத்துக்கும் ரோஜா நிறத்துக்கும் வயது அதிகமில்லை. 1918-இல் அமெரிக்காவில் குழந்தை உடை வியாபாரிகளுக்காக வந்த ஓர் இதழ், ஆண் குழந்தைக்கு ரோஜா நிறமே பொருத்தம், அதுதான் அழுத்தமான நிறம் என்று எழுதியது. மென்மையான நீலம் பெண் குழந்தைக்காம்! மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜோ பவோலெட்டி, குழந்தை உடைகளின் வரலாற்றை ஆராய்ந்து இதையெல்லாம் தொகுத்திருக்கிறார். இன்றைய வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே வேர்பிடித்தது, 1980-களில் இறுகியது. 1975-இல் வந்த சியர்ஸ் நிறுவனத்தின் பொம்மைப் பட்டியலில், இது பையனுக்கு அல்லது இது பெண்ணுக்கு என்று வெளிப்படையாகக் குறித்து விற்ற பொம்மைகள் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை என்று எலிசபெத் ஸ்வீட் என்ற சமூகவியலாளர் கணக்கெடுத்துச் சொன்னார். அக்காவின் ரோஜா நிற சைக்கிளைத் தம்பி ஓட்டமாட்டான் என்றால் வீட்டுக்கு இரண்டு சைக்கிள் வாங்கியாக வேண்டும். வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறவியிலேயே நிறத்தில் விருப்ப வேறுபாடு உண்டா என்றும் பார்த்திருக்கிறார்கள். 12 முதல் 24 மாதம் வரையுள்ள 120 குழந்தைகளின் பார்வை எதில் நிலைக்கிறது என்று பிரிட்டனில் அளந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஆண், பெண் இருவருமே நீலத்தைவிடச் செந்நிறங்களையே கூடுதல் நேரம் பார்த்தார்கள். நிறத்தில் வேறுபாடு தென்படவில்லை. அடுத்த ஆண்டு வனெசா லொபியூவும் ஜூடி டிலோச்சும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டித்தான் பெண் குழந்தைகள் ரோஜா நிறப் பொருளை அதிகம் எடுக்கத் தொடங்கினார்கள். பையன்களோ வயது ஏற ஏற அதைத் தவிர்த்தார்கள். தான் ஆணா பெண்ணா என்று குழந்தை தெரிந்துகொள்ளும் வயதும் அதுதான்.

சுவருக்கு இளமஞ்சள் அடித்தோம். வீட்டுக்குள் அடிக்கும் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பர் முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. குழந்தைகள் சுவரைத் தொட்ட கையை வாயில் வைப்பார்கள் என்பதால், டப்பாவில் ஈயம் கலக்காதது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஆனால் சுவரை மாற்றிவிட்டால் பேதமில்லாத அறை ஆகிவிடாது. அறையின் குணம் அலமாரியில் இருக்கிறது. தம்பி வீட்டில் அலமாரி இரண்டு. ஒன்றில் லாரி, ஜேசிபி, மரக்கட்டைகள், இணைத்து விளையாடும் படப் புதிர்கள். மற்றதில் சொப்புச் சாமான், பொம்மைகள், மணி கோக்கும் பெட்டி. யாரும் திட்டம் போட்டு இப்படிப் பிரிக்கவில்லை. பிறந்தநாளுக்கு வந்த பரிசுகள் தாமாகவே இரண்டு குவியலாகச் சேர்ந்துவிட்டன.

இந்த இரண்டு குவியலும் இரண்டு பள்ளிக்கூடங்கள் மாதிரி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 53 குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே, 26 மாதத்திலிருந்து 46 மாதம் வரை பலமுறை வீடியோ எடுத்தார்கள். நாலரை வயதில் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு சோதனை: வெட்டிய துண்டுகளை மனதுக்குள்ளேயே திருப்பி, நகர்த்தி, சேர்த்தால் எந்த உருவம் வரும்? படப் புதிர் விளையாடி வளர்ந்தவர்கள் இதில் முந்தினார்கள். பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு நின்றது. புதிர்தான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் 2012-இல் வந்த இந்த ஆய்வில் என்னை உறுத்திய செய்தி வேறு. பையன்களும் பெண்களும் புதிர் விளையாடிய தடவைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. பையன்களுக்குக் கிடைத்தவை சற்றுக் கடினமான புதிர்கள். பெற்றோரும் அவர்களோடுதான் கூடுதலாக ஈடுபட்டு விளையாடினார்கள்.

இட உணர்வு எனப்படும் இந்தத் திறன் பிறவியோடு முடிந்துபோவதும் இல்லை. பயிற்சியால் வளரும், வளர்ந்தது நிலைக்கும் என்று 217 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய தொகுப்பு 2013-இல் காட்டியது. பொறியியல், கட்டடக்கலை, அறுவைச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தத் திறன்தான்.

பெண் குழந்தைக்குக் கட்டை கொடுங்கள் என்றால் இப்போது பலரும் தலையாட்டுகிறார்கள். பையனுக்குச் சொப்பு கொடுங்கள் என்றால் முகம் மாறுகிறது. எங்கள் அம்மாவே, "ஏண்டி, ஆம்பளப் பையன் கையில கரண்டியும் பொம்மையுமா குடுப்பீங்க?" என்றார். தம்பி சிரித்துக்கொண்டே, "நேத்து ராத்திரி நீ சாப்பிட்ட தோசை நான் சுட்டதும்மா" என்றான். அம்மா அதற்கு மேல் பேசவில்லை.

பொம்மையோடு விளையாடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். 4 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளின் தலையில் அகச்சிவப்பு ஒளியால் ரத்த ஓட்டத்தை அறியும் தொப்பியை மாட்டிவிட்டு விளையாட விட்டார்கள். தனியாகப் பொம்மை விளையாடும்போதும், பிறர் மனதைப் புரிந்துகொள்ள உதவும் மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. தனியாக டேப்லெட்டில் விளையாடியபோது அந்த அளவுக்கு இல்லை. பையன், பெண் என்ற வேறுபாடும் இல்லை. 2020-இல் வந்த இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி பொம்மை செய்யும் மேட்டல் நிறுவனம் என்பதையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இதை ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பையனுக்குச் சொப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று நம் நாட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81 சதவீதம் பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்தார்கள். ஆண்களில் 26 சதவீதம் பேர்தான். செய்தவர்களுக்குள்ளும் பெண் ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார், ஆண் 97 நிமிடம். கரண்டி யாருடையது என்று ஒரு பையன் மூன்று வயதில் கற்றுக்கொண்டதை முப்பது வயதில் மறப்பது கடினம்.

பிறவி வேறுபாடே இல்லை என்று நான் வாதிடவில்லை. அட்லாண்டாவுக்கு அருகே ரீசஸ் குரங்குகளுக்குச் சக்கர வண்டிகளையும் துணிப் பொம்மைகளையும் கொடுத்துப் பார்த்தபோது, ஆண் குரங்குகள் வண்டிகளையே நாடின. பெண் குரங்குகள் அப்படி ஒரு பக்கமாகச் சாயவில்லை. கருவில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அதிகம் பட்ட பெண் குழந்தைகள் வண்டிகளில் கூடுதல் ஆர்வம் காட்டுவதும் பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஆகவே, எல்லாம் கைக்கு எட்டும்படி இருந்தும் உங்கள் மகன் லாரியையே எடுத்தால் எடுக்கட்டும். அதைப் பிடுங்கிப் பொம்மையைத் திணிப்பதும் ஒரு வற்புறுத்தல்தான். நான் கேட்பது, பிறவி தருகிற சிறிய சாய்வைக் கடையும் உறவும் சேர்ந்து பெரிய பள்ளமாக்கிவிட வேண்டாம் என்பதைத்தான்.

பள்ளம் எங்கே தொடங்குகிறது? நம் கண்ணில். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 11 மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் ஒரு சரிவுப் பலகையைக் காட்டி, உங்கள் குழந்தை எவ்வளவு சரிவு வரை தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். பெண் குழந்தையின் தாய்மார்கள் குறைத்துச் சொன்னார்கள், ஆண் குழந்தையின் தாய்மார்கள் கூட்டிச் சொன்னார்கள். உடனே குழந்தைகளை இறக்கிப் பார்த்தால், இரு பாலாரும் ஒரே மாதிரிதான் இறங்கினார்கள். பிறகு அந்தப் பள்ளம் நம் வாயில் வளர்கிறது. பென்சில்வேனியாவில் சில மழலையர் வகுப்புகளில் ஆசிரியர்கள் இரண்டே வாரம், பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று பிரித்துப் பிரித்துச் சொல்லி நடத்தினார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. அந்த இரண்டு வாரத்தில் குழந்தைகளின் ஆண்-பெண் முன்முடிவுகள் கூடின; எதிர்ப்பாலாரோடு விளையாடுவது குறைந்தது. தம்பி வீட்டு அலமாரியில் 'அண்ணா', 'பாப்பா' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை இதை நினைத்துத்தான் முதலில் கிழித்தேன்.

அலமாரி விஷயத்தில் வழிகாட்டி மரியா மாண்டிசோரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கி நம் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். குழந்தை தானே எடுத்துத் தானே திரும்ப வைக்கும்படி தாழ்ந்த, திறந்த தட்டுகள். பெருக்குவதும் துடைப்பதும் ஊற்றுவதும் பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பாடம். நாங்களும் இரண்டடி உயரத்தில் ஒரே நீள அலமாரி வைத்து, ஏறினால் சாயாதபடி எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கினோம். ஆள் பார்த்து அடுக்காமல் செயல் பார்த்து அடுக்கினோம்: கட்டுவதற்கானவை, ஓட்டுவதற்கானவை, சமைப்பதற்கானவை, சீராட்டுவதற்கானவை. லாரிக்குப் பக்கத்திலேயே சொப்பு. பொம்மை வரிசையில், சாயம் பூசாத மரப்பாச்சி ஒரு ஜோடி, கொலுப்பெட்டியிலிருந்து எடுத்தது. மரப்பாச்சி வழக்கமாக ஆணும் பெண்ணுமாக ஜோடியாக வருவது நமக்கு வாய்த்த வசதி. பாதிப் பொருட்களைப் பரணில் ஏற்றினோம். 2018-இல் வெளியான டொலீடோ பல்கலைக்கழக ஆய்வில், 16 பொம்மைகளுக்கு நடுவில் இருந்ததைவிட நான்கே பொம்மைகளோடு இருந்தபோது சிறு குழந்தைகள் ஒவ்வொன்றையும் நீண்ட நேரம், பல விதமாக விளையாடியதாகக் கண்டார்கள். மாதம் ஒருமுறை பரணில் இருப்பது இறங்கும், கீழே இருப்பது ஏறும். தனி அறை இல்லாத வீட்டில் ஹாலின் ஒரு மூலையும் ஒரு கோரைப்பாயும் போதும்.

மூன்றாம் நாள் காலை கதவோரம் நின்று பார்த்தேன். மூத்தவன் ஜேசிபியின் வாளியில் சொப்புக் குக்கரை ஏற்றி, பாயின் ஓரமாக ஓட்டிக்கொண்டு வந்தான். சின்னவள் கட்டைகளை அடுக்கிக் கடை கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் மூன்று தடவை சரிந்தது. நான்காவது தடவை, அகலக் கட்டையைத் தேடி எடுத்து அடியில் வைத்தாள். சுவர் நின்றது. "அண்ணா, இங்க நிறுத்து, சோறு இறக்கணும்" என்றாள். வண்டி கடை வாசலில் நின்றது. மரப்பாச்சியை மடியில் வைத்துக்கொண்டு அவன்தான் முதலில் ஊட்டினான்.

அடுத்த முறை பொம்மை வாங்கப் போகும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொதுவாக அது இல்லாமல் இந்தியாவில் பொம்மை விற்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் விழுங்கக்கூடிய சின்னச் சின்னத் துண்டுகள் வேண்டாம். "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். குழந்தையின் வயதை மட்டும் சொல்லுங்கள்.