காற்றின் வழிச் செல்லும் ஆசான்

பட்டம் விடுதல் நம்மவர்க்குப் புதிதன்று. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானை நிறைக்கும் பட்டங்களைப் பற்றிக் கேள்வியுறாதார் இலர். முச்சை பிழைத்தால் பட்டம் தலைகீழாக வந்து விழும் என்பதும், காற்று மிகுந்தால் நூல் கையை அறுக்கும் என்பதும் சிறுவரும் அறிந்த செய்திகளே. அத்தகைய பட்டமொன்றைப் பன்மடங்கு பெரிதாக்கி, அதன் இழுவிசையைத் தன் இடுப்பில் ஏற்று, கால்களைப் பலகையொன்றில் மாட்டிக்கொண்டு, நீரின்மேல் ஒருவன் விரைந்து செல்வானாயின், அதுவே மேனாட்டார் 'கைட் சர்ஃபிங்' என்று வழங்கும் விளையாட்டு. நாம் அதனைப் பட்டச்சறுக்கு எனலாம். இவ்விளையாட்டைக் கற்பித்து, காற்று வீசும் கரைகளை நாடி ஊரூராகச் செல்லும் ஆசான்களின் தொழிலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பட்டத்தால் கலம் இழுக்கும் எண்ணம் பழையது. சாமுவேல் கோடி என்பவர் 1903ஆம் ஆண்டில் பட்டம் இழுத்த சிறு படகிலே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆயினும் நீரில் விழுந்த பட்டத்தை மீண்டும் வானில் ஏற்றுவது அரிதாகவே இருந்தது. பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கரையைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகைஞூ என்னும் சகோதரர் இருவர், காற்றடைத்த விளிம்புடைய பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரினர். அடைத்த காற்றினால் அது நீரில் அமிழாது மிதக்கும். கயிற்றை இழுத்து மறுபடியும் எழுப்பலாம். இவ்வழியில் வளர்ந்த விளையாட்டு, 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் முதன்முறையாக இடம்பெற்றது. அதற்கான பந்தயங்கள் மார்செய் கடற்பரப்பில் நடந்தன.

இதன் இயக்கம் யாதெனின், பட்டம் முன்னே இழுக்கிறது. பலகையின் விளிம்பு நீரைக் கீறிப் பக்கவாட்டில் நழுவாது தடுக்கிறது. இவ்விரு விசைகளின் இணக்கத்தாலே காற்றுக்குக் குறுக்காகவும், பயின்றவர் காற்றுக்குச் சற்று எதிராகவுங்கூடச் செல்ல முடிகிறது. பாய்மரத் தோணி செல்லும் முறையும் இதுவே. இருபது முதல் இருபத்தைந்து மீற்றர் நீளமான கயிறுகள் பட்டத்தைக் கைப்பிடியோடு இணைக்கின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்காகும். ஆதலால், மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் இன்பம் தந்த அதே பட்டம், 40 கிலோமீற்றர் காற்றில் உயிருக்கே கேடாகலாம். காற்று ஏற ஏறச் சிறிய பட்டத்தைத் தெரிந்தெடுப்பது இதனாலேயே.

ஆசான் முதலிற் கற்பிப்பது சறுக்குவதையன்று, விட்டுவிடுவதையே. அபாயம் நேர்ந்த கணத்தில் பட்டத்தின் விசையை அறுத்துவிடும் விசைப்பூட்டு ஒன்று இடுப்புப் பட்டையில் உண்டு. கை தானாகவே அதை நாடும்வரை மாணவன் பழகவேண்டும். பின்னர் கரையிலே சிறு பட்டம், அதன்பின் பலகையின்றி நீரில் இழுபட்டுச் செல்லல், இறுதியிலே பலகை. ஆழமற்ற, அலையில்லாத நீர் இதற்கு உகந்தது.

நமது நாட்டில் அத்தகைய இடம் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியாகும். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்றும், டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வடகீழ்க் காற்றும் அங்கே களப்பின்மீது வீசுகின்றன. இடைப்பட்ட மாதங்களில் ஆசானுக்கு வேலையில்லை. ஆகவே அவர்களுட் பலர் மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாமின் முய்னே, ஆபிரிக்காவின் சான்சிபார், பிரேசிலின் வடகரை என்று காற்றைத் தொடர்ந்து செல்கின்றனர். காற்றில்லா நாளில் ஊதியமில்லை. தோளோ முழங்காலோ பழுதுற்றால் பருவமே போயிற்று. காண்பவர்க்கு உல்லாசமாகத் தோன்றும் இவ்வாழ்வின் மறுபுறம் இது.

இனி, அம்பாறைக் கரைவாழ் நேயர்கள் உள்ளத்தில் ஒரு வினா எழலாம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் கடல் இல்லையா, காற்று இல்லையா? இரண்டும் உண்டு. ஆனால் காற்றின் திசை வேறு. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது. அக்காற்றிலே பட்டம் ஏற்றியவன் கயிறறுந்தாலும் களைத்தாலும் கரை சேரான். ஆழ்கடலை நோக்கியே தள்ளப்படுவான். மீட்கும் படகு காத்து நில்லாத இடத்தில் அத்தகைய காற்றில் எவரையும் இறக்கலாகாது என்பது இத்தொழிலின் முதல் விதி. வாடைக் காலத்திலோ காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். பேரலையும் மழையும் உடன்வரும். வீடுகளும் தோணிகளும் நெருங்கிய கரையிலே பட்டம் மனிதனை மோதவிடும்.

ஒன்றுக்குக் கேடானது மற்றொன்றுக்கு நன்மையாவதும் உண்டு. நிலத்திலிருந்து வீசும் அதே காற்று, எதிர்வரும் அலையின் முகத்தைத் தடவி ஒழுங்காக்குகிறது. பொத்துவிலை அடுத்த அறுகம்பை அலைச்சறுக்குக்கு உலகப் புகழ் பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அங்கே உள்ளூர் இளைஞர் பலர் ஆசான்களாய் உயர்ந்துள்ளனர். 2018இல் பெண்களுக்கெனவே ஓர் அலைச்சறுக்குக் கழகமும் அங்கே தோன்றியது.

பருவத்தோடு இடம்பெயர்ந்து பிழைப்பது நமக்கு அந்நியமன்று. மேற்குக் கரை மீனவர் தென்மேற்குப் பருவத்தில் கிழக்குக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதைத் தலைமுறைகளாகக் கண்டுவருகிறோம். கரைவலை இழுத்தவனின் மகன், கச்சானையும் வாடையையும் கொண்டலையும் முகத்திற் படும்போதே இனங்காண்கிறான். வெளிநாட்டுப் பயணி பயிற்சிக்குப் பணம் செலுத்திப் பெறும் அறிவின் ஒரு பாதி, அவனுக்குப் பிறப்பிலேயே கிடைத்த முதுசமாகும்.

மற்றப் பாதியையே அவன் தேடவேண்டும்: முதலுதவி, உயிர்காக்கும் நீச்சல், முறையான ஆசான் சான்றிதழ், ஒரு பிறமொழி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கொண்டுபோன உயிர்களை இக்கரை மறக்கவில்லை. கடல் என்றாலே பிள்ளைகளை அழைத்து உள்ளே வைத்துக்கொள்ளும் பெற்றோரை நாம் குறைகூற இயலாது. எனினும் கடலை அஞ்சி விலகுவதும், அறியாது துணிந்து இறங்குவதும் ஆகிய இரண்டுக்கும் இடையே, அறிந்து இறங்குதல் என்றொரு வழி உண்டு. எந்நாளில் பட்டத்தை மடித்து வைத்துக் கரையில் இருக்கவேண்டும் என்று சொல்ல வல்லவனே நல்லாசான். அவ்வறிவு நம் இளைஞரிடம் வளருமாயின், கற்பிட்டியின் காற்றும் அறுகம்பையின் அலையும் வந்துபோவோர்க்கு மட்டுமன்றி, இம்மண்ணில் வாழ்வோர்க்கும் சோறிடும்.