பிரேக் பிடித்தபடி ஓடும் இதயம்

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, தகுந்த உப்புக் கரைசலில் வைத்தால் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். துடிப்பைத் தொடங்கிவைக்கும் மின்சாரம் இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது. வலது மேலறைச் சுவரில் இருக்கும் சைனஸ் கணு என்ற சின்னஞ்சிறு திசுதான் அதன் ஊற்று. ஓர் அகழெலியின் இதயத்தில் இதைக் கண்டறிந்து 1907-இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர்.

இந்தக் கணுவை அதன் போக்கில் விட்டால் இளைஞர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி பிடித்துப் பார்த்தால் 70 சொச்சம்தான் வருகிறது. மீதி 30 எங்கே போயிற்று?

வேகஸ் நரம்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் கிளம்பி, கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நீண்ட நரம்பு இது. இறக்கத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே சைக்கிளில் வருவோமே, ஓய்வில் இருக்கும் இதயம் ஓடுவது அப்படித்தான். ஒரு நரம்பு உறுப்பைத் தூண்டாமல் அடக்கவும் செய்யும் என்பதே 1845-இல் பெரிய செய்தி. வேகஸைத் தூண்டி இதயத்தை நிறுத்திக் காட்டினார்கள் ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள்.

எப்படி அடக்குகிறது என்பது 1921-இல் தெரியவந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லூவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸைத் தூண்டி வேகத்தைக் குறைத்தார். அது நனைந்திருந்த கரைசலை மட்டும் எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். எந்த நரம்பும் தொடாத அந்த இதயமும் மெதுவாகத் துடித்தது! நரம்பு பேசுவது ரசாயனத்தால் என்பதற்கு இதைவிட எளிய, அழகான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து லூவி நோபல் பரிசு பெற்றார்.

வேகத்தைக் கூட்டுவதற்கு முதுகுத் தண்டிலிருந்து பரிவு நரம்புகள் வருகின்றன. இவை சுரப்பது நாரட்ரினலின். இதன் வேலை சூடுபிடிக்கச் சில வினாடிகள் ஆகும். வேகஸோ அடுத்த துடிப்பிலேயே தன் பிடியைக் காட்டிவிடும். எனவே பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது முதலில் நடப்பது பிரேக்கைத் தளர்த்துவதுதான். நாடி 100-ஐ நெருங்கும்வரை பெரும்பாலும் அதுவே போதும். அதற்கு மேல்தான் பரிவு நரம்புகளின் கை ஓங்குகிறது.

வேகஸின் பிடி மாறுவதை விரலாலேயே உணரலாம். மணிக்கட்டில் நாடி பிடித்து, ஆழமாக மெல்ல மூச்சை இழுத்து மெல்ல விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கும், விடும்போது விலகும். இளம் வயதினரிடம் இது நன்றாகத் தெரியும். நோயல்ல, நல்ல நரம்பின் அடையாளம்.

படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்தில் கரோட்டிட் தமனி கிளை பிரியும் இடத்தில், சுவர் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் நரம்பு முனைகள் உள்ளன. விரிவு குறைந்ததும் முகுளத்துக்குத் தகவல் போய், வேகஸின் பிடி தளர்ந்து, நாடி ஏறுகிறது. தலை சுற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

மாற்று இதயம் பொருத்தும்போது இந்த நரம்புகள் அத்தனையும் வெட்டுப்படுகின்றன. பிரேக் இல்லாத அந்த இதயம் ஓய்விலும் 90, 100 என்று துடிக்கிறது. மாடிப்படி ஏறினாலும் உடனே வேகமெடுக்காது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர வேண்டும். உட்கார்ந்த பிறகும் சட்டென்று இறங்காது. அதனால் இவர்களை உடற்பயிற்சியை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு, ஆண்டுகள் சென்றபின், வெட்டுப்பட்ட பரிவு நரம்புகள் வளர்ந்து புதிய இதயத்தை எட்டுகின்றன. அவர்களால் இன்னும் கொஞ்சம் கடினமாக உழைக்க முடிகிறது.