காய்ச்சல் விட்ட பின்னும் விடாத நோய்: எம்.சி. கணக்கு என்ன?

டிங்கி, சிக்குன்குனியா, கோவிட் வந்து போன பிறகும் சிலருக்கு அசதி, மூட்டுவலி, மூச்சிரைப்பு, மறதி மாதக்கணக்கில் நீடிக்கின்றன. கிள்ளானுக்கு இது புதிதல்ல. மலேசியாவின் முதல் சிக்குன்குனியா பரவல் 1998 இறுதியில் கிள்ளான் துறைமுகத்தில்தான் பதிவானது. கோவிட் காலத்தில் சுகாதார அமைச்சு நாள்தோறும் வெளியிட்ட 'குணமடைந்தோர்' எண்ணிக்கையில், தனிமைப்படுத்தல் முடிந்தும் உடம்பு தேறாதவர்களும் அடக்கம். தொற்றி ஏறத்தாழ 3 மாதமாகியும், வேறு நோயால் விளக்க முடியாமல், குறைந்தது 2 மாதம் நீடிக்கும் தொல்லைகளையே நீள்கோவிட் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. இரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு, காசநோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்யும் வேலை பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கிளினிக்குகளின் தலையில் விழுகிறது.

இப்படி நோய் நீளும் பலருக்கு உழைத்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு படுத்துவிடும். 2 நாள் எம்.சி.யில் (மருத்துவ விடுப்பில்) ஓய்வெடுத்தவர் மருத்துவர் முன் தெளிவாகவே உட்கார்ந்திருப்பார். இரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். வேலைக்குத் திரும்பி இரண்டு ஷிஃப்ட் பார்த்ததும் மீண்டும் படுக்கை, மீண்டும் எம்.சி.

டிசம்பர் 31 நெருங்க, வாசகர் கடிதங்களில் குழப்பம் இந்த எம்.சி. கணக்கில்தான். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவுப்படி, சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு, சேவைக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 14 நாள், 5 ஆண்டுக்குக் குறைவானால் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் அது தனிக் கணக்கு. பலர் கவனிக்காத வரி ஒன்றும் அதே பிரிவில் உண்டு: மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் என்று மருத்துவர் சான்றளித்தால், எக்காரணத்தாலும் சேராதிருந்தாலும், சேர்ந்ததாகவே கருதப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பரிசோதனையில் எதுவும் சிக்காத நீள்நோயாளிக்கு அந்தச் சான்றை எழுத மருத்துவர் தயங்குவார். 60 நாளின் கதவு மூடியே இருக்க, 14 நாள் துண்டு துண்டாகக் கரைகிறது.

மிச்ச நாள் அடுத்த ஆண்டுக்குச் சேருமா? சேர்க்க வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை.

யாரிடம் எம்.சி. வாங்குவது? முதலில் நிறுவனத்தின் பேனல் கிளினிக்.

முதலாளிக்கு எப்போது தெரிவிப்பது? விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள்.

மருந்து? கிருமியை ஒழிப்பதுபோல் இந்த நீள்நோயைத் தீர்க்கும் நிரூபணமான மருந்து இல்லை. சக்திக்கேற்ப வேலையைப் பிரித்துச் செய்வது உதவக்கூடும்.

நெஞ்சுவலி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் மூச்சுத்திணறல் இருந்தால், எம்.சி.யை எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.