குளுக்கோஸ் பாக்கெட்டும் 1600 மீட்டரும்

விரிஞ்சிபுரம் பக்கம் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களில் பலருக்கு ராணுவத்தில் சேர வேண்டும் என்பதே ஆசை. இதே வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். ஆள்சேர்ப்பில் 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் கடந்தால்தான் முழு மதிப்பெண். ஓடுவதற்குச் சற்று முன் குளுக்கோஸ் பொடியை வாயில் கொட்டிக்கொள்வது ஒரு பழக்கம். காசுக்குத்தான் கேடு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் 1600 மீட்டர் ஓடினால் சுமார் 100 கலோரி செலவாகும். அதற்கு 25 கிராம் மாவுச்சத்து போதும். சாப்பிட்ட சோறு கிளைக்கோஜனாக மாறித் தசைகளில் மட்டுமே 400 கிராம் அளவுக்கு இருக்கிறது. பொடி குடலைத் தாண்டி ரத்தத்தில் கலப்பதற்குள் பந்தயமே முடிந்துவிடும்.

பளு தூக்குபவர்களுக்கு அந்தக் கிளைக்கோஜன்கூட அந்த நொடியில் பெரிதாகத் தேவைப்படாது. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஸ்னாட்சில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. சில நொடி வேலை. தசையிலேயே தயாராக இருக்கும் ஏ.டி.பி.யும், அது தீரத் தீர நிரப்பித் தரும் கிரியேட்டின் பாஸ்பேட்டும்தான் அங்கே எரிபொருள். மொத்தமும் பத்து நொடிக்கு மேல் தாங்காது. திரும்ப ஊற மூன்று நிமிடமாவது வேண்டும். ஒரு செட் முடித்தவரை அடுத்ததற்கு அவசரப்படுத்தாமல் கோச் உட்கார வைப்பது இதனால்தான்.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் அதற்கான ஆற்றலில் பெரும்பங்கு கொழுப்பிலிருந்தே வரும். ஒல்லியானவர் உடம்பிலும் பத்துக் கிலோ கொழுப்பு இருந்தால் 90,000 கலோரி கையிருப்பு. ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும், ஆக்சிஜனும் கூடுதலாகக் கேட்கும். வேகம் கூடக் கூட உடம்பு மாவுச்சத்துக்குத் தாவிவிடும்.

1966இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பெர்க்ஸ்ட்ரோமும் ஹுல்ட்மனும் ஒரே சைக்கிளை ஆளுக்கு ஒரு காலால் மிதித்து அந்தக் காலின் கிளைக்கோஜனைத் தீர்த்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவு. ஊசியால் தசையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கிளைக்கோஜன்! பயிற்சி முடித்துச் சாப்பிடும் சோறு உழைத்த தசைக்கே போய்ச் சேருகிறது. ஆம்பூர் பிரியாணியில் ஓட வைப்பது சீரகச் சம்பா. கறியின் புரதம் பெரும்பாலும் தசையைச் செப்பனிடத்தான் (அதற்காகப் போட்டிக்கு முந்தின ராத்திரி எண்ணெய் மிதக்கும் பிரியாணி வேண்டாம்).

குளுக்கோஸ் வீண் என்பதில்லை. மாரத்தானில் 30 கிலோமீட்டரைத் தொடும்போது கிளைக்கோஜன் வற்றிக் கால் கனக்கும்; அங்கே வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் சர்க்கரைத் தண்ணீர் நிஜமாகவே கைகொடுக்கும்.