பணம் தர மறுத்தது கம்பெனி! 12 ஆண்டுக்குப் பின் வென்றார் நோயாளி!

2009-ம் ஆண்டு மே மாதம். இந்தியர் ஒருவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். உறவுக்காரப் பெண்ணுக்கு அங்கே கல்யாணம்.

போன இடத்தில் உடம்புக்கு ஏதாவது வந்தால்? அதற்காகப் புறப்படும் முன்பே மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தார். கம்பெனி சொன்னபடி டாக்டரிடம் உடம்பைக் காட்டினார். "இவருக்கு நீரிழிவு உண்டு" என்று டாக்டர் எழுதினார். அதன் பிறகே கம்பெனி பாலிசி கொடுத்தது.

சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கினார். உடம்பு தளர்ந்தது. வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாரடைப்பு! அடைப்பை நீக்கி, ரத்தக் குழாயில் 3 "ஸ்டென்ட்" பொருத்தினார்கள்.

உயிர் பிழைத்தார். செலவுப் பணத்தைக் கேட்டார். கம்பெனி கையை விரித்தது.

"கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டதை நீர் சொல்லவில்லை" என்றது.

தேசிய நுகர்வோர் ஆணையமும் 2015-ல் அவர் மனுவைத் தள்ளியது. அவர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

தீர்ப்பு

2021 டிசம்பர் 6-ந் தேதி தீர்ப்பு வந்தது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு முன்ஜாக்கிரதையாகவும் அந்த மாத்திரை தரப்படுகிறது. அதைச் சொல்லாதது பெரிய மறைப்பு ஆகாது. நோய் இருப்பது தெரிந்தே பாலிசி கொடுத்த கம்பெனி, பிறகு அதே நோயைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. வட்டியோடு கொடுக்க வேண்டும்.

இதுதான் தீர்ப்பின் சாரம்.

கம்பெனிக்கும் கடிவாளம்

பலர் கட்டும் பணத்தில் இருந்துதான் கம்பெனி சிலருக்குக் கொடுக்கிறது. பொய் சொன்னவருக்கும் கொடுத்தால், மற்றவர் பணம் கரையும். ஆகவே விசாரிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. ஆனால் அநியாயமாக மறுத்தால் கம்பெனிதான் சிக்கலில் மாட்டும்.

2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதிகளைப் போட்டது.

பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டமா? அனுமதி கேட்டால் 1 மணி நேரத்தில் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். நோயாளி வீடு திரும்பும்போது 3 மணி நேரத்தில் இறுதி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் கேட்டால், அது கம்பெனியின் பொறுப்பு.

5 ஆண்டுகள் விடாமல் பாலிசி இருந்தால், "நோயைச் சொல்லவில்லை" என்று கம்பெனி தட்டிக் கழிக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம்.

எங்கே முறையிடுவது?

முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்சூரன்ஸ் குறை தீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும்படி அவர் உத்தரவு போடலாம். 30 நாளில் கம்பெனி அதை நிறைவேற்றா விட்டால், நாள் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் புகார் செய்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம்.

கையெழுத்துக்கு முன்

நம் பங்கும் ஒன்று உண்டு. ஏஜெண்டு நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரையா, ரத்தக் கொதிப்பா, பழைய ஆபரேஷனா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதற்கு ஒரு நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அமெரிக்கா போன அந்த மனிதருக்குக் கடைசியில் கை கொடுத்தது எது? "நீரிழிவு உண்டு" என்று முன்கூட்டியே தாளில் ஏறிய அந்த ஒரு வரிதான்!