நிரல் பழகுவோம் – 14: பக்கத்துக்கும் டெஸ்ட் எழுதுங்கள்

கணக்குப் போடும் நிரலுக்கு டெஸ்ட் எழுதுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், பலரும் தொடாமலே விட்டுவிடும் வியூ டெம்ப்ளேட்டுக்கு வருவோம். தரவைத் திரையில் தெரியும் பக்கமாக மாற்றித் தருவது இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருவோரும் பொங்கல் வைப்போருமாக ஆரணி ஆற்றங்கரை நிறைந்துவிடும். அந்த நாளுக்கு ஒரு முன்பதிவுப் பக்கத்தை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் தொழிலாளி பார்க்கப்போவது அந்தப் பக்கத்தை மட்டும்தான். டேட்டாபேஸில் எல்லாம் சரியாக இருந்தும் பக்கம் தவறாகக் காட்டினால் அவருக்கு வீண் அலைச்சல்.

டெம்ப்ளேட்டைச் சோதிக்க பிரவுசரும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம். நாமே இட்டுக்கட்டிய தரவை டெம்ப்ளேட்டிடம் கொடுத்து, வரும் எச்டிஎம்எல்லில் வேண்டியது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகத்தில் ஆர்ஸ்பெக் என்ற டெஸ்ட் கருவி வழியாகவும், ஜாங்கோ என்ற சட்டகத்தில் அதன் சொந்த வசதிகளைக் கொண்டும் இதைச் செய்யலாம். 2004இல் பிறந்த செலினியம் என்ற கருவி உண்மையான பிரவுசரையே இயக்கிப் பார்க்கும். அதற்கு நேரம் பிடிக்கும். டெம்ப்ளேட் டெஸ்ட்டோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

எதைச் சோதிப்பது? முதலில், இடம் தீர்ந்துபோன நிலை. ‘இன்றைய பதிவு முடிந்தது’ என்ற வரி இருக்க வேண்டும். ‘பதிவு செய்’ பொத்தான் இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சோதியுங்கள்.

அடுத்து, பெயர். பெயர்க் கட்டத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட் நிரலையே தட்டிவிட்டால், அது பக்கத்தில் எழுத்தாகத் தெரிய வேண்டுமே தவிர, ஓடக் கூடாது. ஜாங்கோ 2008இல் வந்த 1.0 பதிப்பிலிருந்தும், ரெயில்ஸ் 2010இல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்தும் இந்தக் காவலைத் தாமாகவே செய்கின்றன. ஆனால் அவசரத்தில் யாரோ டெம்ப்ளேட்டில், ‘இதை அப்படியே விடலாம்’ என்று பொருள்படும் ‘சேஃப்’ குறியைச் சேர்த்துவிட்டால் காவல் போய்விடும். அதை உடனே காட்டிக்கொடுப்பது டெஸ்ட்தான்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ‘கோமதி’யில் உள்ள ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றே சேர்ந்து வரலாம், அல்லது இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல், சரியான பக்கத்தையும் டெஸ்ட் தவறு என்று சொல்லும்.

ஒன்றை மட்டும் தவிருங்கள்: முழு எச்டிஎம்எல்லையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். டிசைனர் ஒரு கிளாஸ் பெயரை மாற்றினாலே டெஸ்ட் தோற்கும். நாளடைவில் அதன் எச்சரிக்கையை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பயனர் கண்ணில் படுவதையும், அவர் அழுத்தும் பொத்தானையும் மட்டும் சோதியுங்கள்.

இந்த வாரம் உங்கள் டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, வெற்றுப் பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் முதல் டெம்ப்ளேட் டெஸ்ட் அதுவாக இருக்கட்டும்.

(தொடரும்)