கோப்பு திறத்தல் (பைத்தான்)

பைத்தான் நிரல்மொழியில் கோப்பு திறத்தல் என்பது, வட்டில் உள்ள கோப்பொன்றைப் படிக்கவோ அதில் எழுதவோ இயக்குதளத்தின் வழியாக ஆயத்தப்படுத்துதல் ஆகும். இதற்கு ஓப்பன் என்னும் செயற்கூறு பயன்படுகிறது. கோப்பின் பெயருடன் திறக்கும் முறையும் ஓரெழுத்தால் தரப்படும். ஆர் என்பது படித்தலையும், ஏ என்பது இறுதியில் சேர்த்தலையும், டபிள்யூ என்பது புதிதாக எழுதுதலையும் குறிக்கும். முறையைக் குறிப்பிடாவிடில் ஆர் எனக் கொள்ளப்படும்.

இவற்றுள் டபிள்யூ கவனத்துடன் கையாளத்தக்கது. ஒரு வரிகூட எழுதாவிடினும், திறந்த கணத்திலேயே கோப்பின் பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். எடுத்துக்காட்டாக, திருப்பூர்ப் பின்னலாடைக் கூடமொன்றின் தையற்கூலிக் கணக்கில் சனிக்கிழமைப் பதிவைச் சேர்க்க இம்முறையைப் பயன்படுத்தினால், திங்கள் முதல் வெள்ளி வரையான கணக்கு இல்லாமற் போகும். அங்கு வேண்டுவது ஏ. ஏற்கனவே உள்ள கோப்பைத் திறக்க மறுக்கும் எக்ஸ் முறை 2012 இல் வெளியான 3.3 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

தமிழ்க் கோப்புகளுக்குக் குறியேற்றத்தையும் குறிப்பிடுதல் நன்று. ஒருங்குறியில் 'க' என்னும் எழுத்து யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். விண்டோசில் 3.14 வரையான பதிப்புகள் வேறொரு குறியேற்றத்தை இயல்பாக எடுத்துக்கொள்வதால், அவ்வெழுத்து மூன்று புரியாத குறிகளாகத் தோன்றக்கூடும். பழைய திஸ்கி கோப்புகளை ஓப்பன்-தமிழ் நிரலகத்தின் உதவியுடன் ஒருங்குறிக்கு மாற்றலாம். மாற்றியதை வேறு பெயரில் எழுதி, சரிபார்க்கும் வரை மூலக் கோப்பை வைத்திருத்தல் வேண்டும்.